மூன்றாம் வரிசைக் கோப்பை

பாப்பாவின் அப்பாவுக்கு அன்புடன் எழுதுவது,

நாங்கள் இருவரும் நலம். போனில் கேட்டால் “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். பாப்பாவும் பக்கத்திலேயே நிற்பாள், மேற்கொண்டு கேட்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் அறைத் தோழர் செவ்வாய்க்கிழமை என்னிடம் பேசினார். கிடங்கில் பெட்டி தூக்கும்போது தலைசுற்றி விழுந்தீர்களாம். இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்றாராம் டாக்டர். மூன்று வேளையும் கோப்பை நூடுல்ஸ், வெந்நீர் வைக்க மட்டும்தான் அடுப்புப் பக்கம் போவீர்களாம். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

பிறகு நீங்கள் போன மாதம் அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தேன். உங்களுக்குப் பின்னால் ஜன்னலோரம் காலிக் கோப்பைகள். பாப்பா எண்ணிவிட்டு, அப்பா இதை வச்சு வீடு கட்டப் போறாரா என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினேன். மூடியில் எங்கள் ஆலையின் முத்திரை. அதற்குக் கீழே மூன்று என்ற எண். அது நான் நிற்கும் வரிசை.

நீங்கள் வெளிநாடு போனதிலிருந்து இரண்டு வருடமாக உங்களுக்குப் பரிமாறாத இந்தக் கைதான், உங்கள் கோப்பையில் மசாலா உறையைப் போட்டு அனுப்பியிருக்கிறது.

மசாலா கலக்கும் அக்காவிடம் கேட்டேன். ஒரு நாளைக்கு வேண்டிய உப்பில் பாதிக்கு மேல் ஒரு கோப்பையிலேயே போய்விடும் என்றார். நாக்கு இன்னும் இன்னும் என்று கேட்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கலவை, என் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பதில்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு போனார்.

இங்கே நல்ல மழை. தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் நம் வாசல்படி வரை வந்துவிட்டது. நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து மண்வெட்டி போட்டு வாரினோம். வந்ததெல்லாம் காலி உறையும் கோப்பையும்தான். ஒரு உறையைக் கழுவித் தேதி பார்த்தேன். ஒன்பது வருடத்துக்கு முந்தையது. பாப்பாவுக்கே மூத்தது. சாயம்கூடப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, உங்க ஆலைச் சரக்குதானே என்றாள். நான் மறுபடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன்.

வேலையை விடப்போகிறேன் என்று பயப்படாதீர்கள். நீங்கள் திரும்பும்வரை எனக்கும் வேறு வழியில்லை. ஆனால் மேலாளரிடம் கெஞ்சி, என் விடுமுறையை உங்களுக்கும் விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.

அன்று நான் உலை வைக்கும் நேரம் உங்களுக்குக் காலை ஒன்பது மணி. நீங்களும் வையுங்கள். இரண்டு பிடி அரிசி, ஒரு பிடி பருப்பு, கிடைக்கிற கீரை ஏதாவது. குழைந்துபோனாலும் பரவாயில்லை, குறை சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? உங்களுக்குப் பேசத் தோன்றாவிட்டால் பேச வேண்டாம். போனை மட்டும் அடுப்புப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் அறையில் சோறு கொதிக்கும் சத்தத்தை நான் இங்கிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழுசாக வந்து சேருங்கள்.

வழிபார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா