ஜெனரேட்டர் ஓடுவதற்கு முன் நீ கேட்ட கேள்வி

இன்று காலை எனக்கும் மகளுக்கும் சண்டை. பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் கிளம்புகிறேன் என்றாள். என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டாள். ஒரு கடுஞ்சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி தளர்ந்து நின்றது, பக்கத்துச் சந்து விசைத்தறிகளும் ஒன்றாக அடங்கின. எங்கிருந்தோ டீசல் வாசம் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ஏனுங்கம்மா, ஆரு கூப்புட்டாங்கன்னு அங்க பாக்கறீங்க?" என்றாள் மகள்.

யாரும் கூப்பிடவில்லை. நீ கேட்பாய் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான். நீ போய்ப் பல வருஷங்கள் ஆன பிறகும் கரண்ட் போனால் என் காது அப்படித்தான் இருக்கிறது.

நல்ல பீஸ் ஒரு குவியல், ஓட்டை பீஸ் ஒரு குவியல் என்று சட்டைகளைப் பிரிப்போமே, நம் பனியன் கம்பெனி செக்கிங் கூடம், நினைவிருக்கிறதா? வெள்ளைத் துணியில் தூசி படியக்கூடாது என்று ஜன்னல்களையெல்லாம் அடைத்து வைத்திருப்பார்கள். பட்டப்பகலில் கரண்ட் போனாலும் கண்ணைக் கட்டிவிட்டது போல இருக்கும். கைக்குக் கை செல்போன் வராத காலம். அத்தனை தையல் மெஷினும் ஒரே மூச்சில் நிற்க, பின்கட்டில் ஜெனரேட்டர் ஓட ஒரு நிமிடமாவது ஆகும். அந்த ஒரு நிமிடத்தை நீ எடுத்துக்கொண்டாய்.

ஒருநாள் வடை மடித்து வந்த காகிதத்தை எண்ணெய் துடைத்துவிட்டு என்னிடம் படித்துக் காட்டினாய். ஏதோ புத்தகத்தின் அரைப் பக்கம், எழுதியவர் பெயர்கூட அதில் இல்லை. நம் கையில் இருப்பவை சில, இல்லாதவை பல; கையில் இல்லாததை இழக்க முன்கூட்டியே மனத்தைப் பழக்கு என்கிற மாதிரி அதில் இருந்தது. உனக்கு அது போதுமாக இருந்தது. "நாம பீஸ் பிரிக்கிற மாதிரிதான் ஏட்டி. ரெண்டே குவியல்" என்றாய். உன் ஊர் கோவில்பட்டிப் பக்கம். அந்தப் பேச்சு எங்கள் கொங்குக் காதுக்கு எப்போதும் கொஞ்சம் அதட்டலாகவே கேட்கும்.

அன்றிலிருந்து இருட்டில் உன் குரல் வரும். "இன்னைக்கி எது போச்சுட்டி?"

இருப்பதைப் போனதாக நினைத்துக்கொண்டு ஒருத்தி தன் கொலுசு போச்சு என்பாள். இன்னொருத்தி வீடு போச்சு என்பாள். வெளிச்சம் வந்ததும் கொலுசுக்காரி குனிந்து காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். காலையில் பூட்டியபோது இல்லாத பிரியம் அந்தத் தொடுதலில் இருக்கும். கட்டிங் மாஸ்டருக்கு மட்டும் இந்த விளையாட்டு ஆகவே ஆகாது. "இருட்டுல இப்படியெல்லாம் பேசாதீங்க அம்மிணி. பலிச்சுப் போயிருமுங்க" என்பார். நமக்குப் பின்னால் அவர் கத்தரிக்கோலை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்கும். நீ சிரிப்பாய்.

ஆனால் உன்னை வெறும் மரக்கட்டை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஊசி ஓட்டை விழுந்த ஒரு கட்டுச் சட்டைகளை நீயே கவனிக்காமல் பாஸ் செய்துவிட்டாய். யாருக்கும் தெரியவில்லை. நீயாகப் போய் மேனேஜரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாய். "அவரு வையுறது அவரு பாடு. பார்க்காம விட்டது என் கை. நான் வருத்தப்பட அது ஒண்ணுதான் இருக்கு" என்றாய். அதைச் சொன்னபோது உன் கண் கலங்கித்தான் இருந்தது.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

ஒருநாள் காலை வீட்டுக்காரரோடு சண்டை போட்டு அழுதுகொண்டே வேலைக்கு வந்தேன். நீ மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து, "அவரு கோவம் உன் குவியல் இல்லட்டி" என்றாய். சரியான பேச்சுதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒரு தோள் வேண்டியிருந்தது. நீ குவியல் போடச் சொன்னாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்ட் போனது. நீ வழக்கம்போலக் கேட்டாய்.

"நீதான். நீ போயிட்டே" என்றேன்.

நமக்குப் பின்னால் மாஸ்டர் கத்தரிக்கோலை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு உன் குரல், கோபமே இல்லாமல்: "சரி, நான் போயாச்சு. பெறகு நீ என்ன செய்வ?"

நான் வாய் திறப்பதற்குள் ஜெனரேட்டர் ஓடிவிட்டது. வெளிச்சத்தில் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாய். நான் அடுத்த சட்டையை இழுத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காய்ச்சல் என்றார்கள். புதன்கிழமை நீ இல்லை. நாங்கள் நீ குடியிருந்த லைன் வீட்டுக்கு ஓடி வருவதற்குள் உன்னை வேனில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கம்பெனியில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் மேஜைக்கு எதிரே உட்கார ஒருத்தியும் வரவில்லை. கட்டிங் மாஸ்டர் பேசும்போது என் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்தார். எனக்கே என் வாயைக் கண்டால் பயமாக இருந்தது. அப்போது குழந்தையாக இருந்த மகளைத் திட்டக்கூட அஞ்சி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே திரிந்தேன்.

நீ போன பத்தாம் நாளோ என்னவோ, மறுபடி கரண்ட் போனது. எல்லா மெஷினும் நின்றன. அந்த இருட்டில் உன் குரல் கேட்டது. "இன்னைக்கி எது போச்சுட்டி?"

அதே அதட்டல், அதே இழுப்பு. ஒருத்தி சாமி பெயரைச் சொன்னாள். எங்கோ கத்தரிக்கோல் கீழே விழுந்தது. ஜெனரேட்டர் ஓடி விளக்கு வந்தபோது கூடம் முழுக்க என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. "ஏனுங்க அம்மிணி, நீங்களா கேட்டது?" என்றார் மாஸ்டர். முந்தானை என் வாயிலிருந்து எப்போது விலகியது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

அன்று சாயங்காலம்வரை சட்டைகளைப் பிரித்தேன். கூடவே நீ சொன்ன மாதிரி இதையும் பிரித்துப் பார்த்தேன். உன் காய்ச்சல் என் குவியல் இல்லை. என் வார்த்தைக்கு யாரையும் கொல்லும் வலு கிடையாது. ஆனால் கோபத்தில் உன்னை இல்லாமல் ஆக்கிப் பேசினேனே, அது என் கை. மற்றதையெல்லாம் தள்ளி வைத்த பிறகும் அந்த ஒன்று அப்படியே இருந்தது. இன்னும் இருக்கிறது.

மகள் கல்லூரியில் படிக்கும்போது உன் அரைப் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அது ஸ்டோயிக் தத்துவம் என்றாள். பழைய கிரேக்கத்தில் பிறந்ததாம். ரோமில் அடிமையாக இருந்தவரும் பேரரசராக இருந்தவரும் அதையே பிடித்துக்கொண்டு வாழ்ந்தார்களாம். நீ இருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாய். அந்தக் காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தபடி நீ அன்றே சொன்னாய். "இது ப்ரீ சைஸ்ட்டி. போட்டா எல்லாருக்கும் சேரும்."

கரண்ட் இன்னும் வரவில்லை. மகள் உள்ளே துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். காலையில் என் நாக்கு நுனிக்கு வந்த வார்த்தை என்ன தெரியுமா? "போறவ அப்படியே போயிரு." அதை நான் சொல்லவில்லை. நாம் ஒவ்வொரு சட்டையையும் முதலில் உட்புறம் திருப்பித்தானே பார்ப்போம்; அதை அப்படித் திருப்பிப் பார்த்தேன். நல்ல பெரிய ஓட்டை. தனியே எடுத்துப் போட்டுவிட்டேன்.

பெறகு நீ என்ன செய்வ என்று கேட்டாயே, இதைத்தான் செய்கிறேன். இப்போது எழுந்து போய் அவளுக்குத் துணி மடித்துக் கொடுக்கப் போகிறேன்.