வெள்ளை விரிப்புக்குப் பின்னால்

அண்ணி,

புரட்டாசி வந்துவிட்டது. முட்டை போவதில்லை. முட்டை ரூமில் அடுக்கிய அட்டைகள் ஜன்னலை மறைக்கும் அளவுக்கு ஏறி நிற்கின்றன. இன்று மத்தியானம் காலி அட்டைக் கட்டு ஒன்றைப் பிரித்தபோது நடுவில் அந்த அட்டை இருந்தது. ஓரத்தில், இரண்டு குழிகளுக்கு நடுவே, கத்தரியால் வெட்டியிருந்தது. போன் சாயாமல் நிற்பதற்காக நீங்கள் வெட்டியது. நனைந்து காய்ந்த காகித வாசனையும் தீவன வாசனையும் கலந்து வந்தது. அதை முகத்தருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லோடு ஏற்ற வந்தவர் பார்த்துவிட்டு, "அட்டையப் போயி மோந்து பாத்துட்டு இருக்கற" என்று சிரித்தார். நான் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு சங்ககிரியிலிருந்து எங்கள் பண்ணைக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா எல்லோரிடமும் பண்ணைக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால் நிறுத்திவிட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது பாதிதான் உண்மை. ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷ் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. அடுத்த நாளும் சொன்னார்கள். மூன்றாம் நாள் நான் போகவில்லை. இதை முதன்முதலில் உங்களிடம்தான் சொன்னேன். நீங்கள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "எனக்கும் மூணாம் நாளு ஊட்டுலயே இருந்திரோணும்னு பல தடவ தோணியிருக்குது சாமி" என்று மட்டும் சொன்னீர்கள்.

நீங்கள் சேலத்தில் சினிமா சம்பந்தப்பட்ட படிப்பு படித்தவர் என்பது பெண் பார்க்கப் போனபோதே எங்கள் வீட்டில் பேச்சாகிவிட்டது. "எங்கூட்டுக்கு வந்து கோழியப் படம் புடிக்கறதுக்கா?" என்று அம்மா கேட்டார். நீங்கள் வந்த முதல் வாரம் அதையே அம்மாவிடம் திருப்பிச் சொன்னீர்கள்: "அத்தை, கோழி ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுங்க. உங்களயே எடுத்துக்கறனுங்க." அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அம்மா கெட்டவர் இல்லை. அது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

மத்தியானம் அம்மா படுக்கும் நேரம்தான் நம்முடைய நேரம். நான் முட்டையைத் துடைத்துக் கீறல் விழுந்ததைத் தனியாக வைப்பேன். நீங்கள் அட்டையில் அடுக்குவீர்கள். போன் அந்த வெட்டில் நிற்கும். கல்லூரித் தோழி கொடுத்த சின்ன மெமரி கார்டு நிறையப் படங்கள். ஜப்பான், ஈரான், கொரியா, இலங்கை, இன்னும் எனக்குச் சொல்ல வராத ஊர்கள். ஒவ்வொரு படம் தொடங்கும்போதும் ஒரு பெயரின் மேல் விரலை வைத்து, "இதுவும் ஒரு பொம்பள எடுத்தது" என்பீர்கள். எல்லாம் பெண்கள் எடுத்த படங்கள். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவீர்கள். காதில் ஹெட்செட் மாட்டினால் அம்மா கூப்பிடுவது கேட்காது. கீழே ஓடும் இங்கிலீஷ் வரிகளை நீங்கள் மெல்லிய குரலில் எனக்குச் சொல்வீர்கள்.

அதனால் அந்தப் பெண்கள் எல்லோரும் எனக்கு நம் ஊர்ப் பேச்சில்தான் பேசினார்கள். ஜப்பான் மாமியார் ஒருத்தி வாசலுக்கு வந்த மருமகனைப் பார்த்து, "ஏனுங் மாப்ள, சோறு உண்டீங்களா?" என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் ஒரு முட்டை கைநழுவி உடைந்தது. நீங்கள் அதை எடுத்து, கீறல் விழுந்ததோடு சேர்த்து வைத்து, "இதுக்கு ஜப்பான்காரிதான் பொறுப்பு" என்றீர்கள்.

ஒரு படத்தில் ஒரு பெண் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பாள். அரிசி கொதிக்கும். வேறு ஒன்றும் நடக்காது. எனக்குப் பொறுமை போய், தள்ளி ஓட்டச் சொன்னேன். நீங்கள் ஓட்டவில்லை. "வேகற வரைக்கும் கேமராவ எடுக்காம வெச்சிருக்கறா பாரு. அது எத்தன நேரம்னு சோறாக்குனவளுக்குத்தான் தெரியும்" என்றீர்கள். அன்று சாயங்காலம் நான் உலை வைத்துவிட்டு, எழுந்து போகாமல், அரிசி வேகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்கிற ஒரு வேலையை யாரோ தூரத்தில் ஒரு ஊரில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போது தோன்றியது.

முட்டை ரூமை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நான் மாட்டேன் என்றேன். மூஞ்சி வேண்டாம், கை மட்டும் போதும் என்று கெஞ்சி ஒருநாள் எடுத்தீர்கள். அது போனில் இருக்கிறது. என் கை ஒவ்வொரு முட்டையாக எடுத்துத் துடைத்து வைக்கிறது. சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். ஷெட்டில் கோழிகள் கத்துவது மட்டும் கேட்கிறது. நீங்கள் பேசாமல் எடுத்திருக்கிறீர்கள். போன் முழுக்கத் தேடிவிட்டேன் அண்ணி. உங்கள் குரல் எங்கேயும் இல்லை.

போன புரட்டாசியில் பார்த்த படத்தை இப்போது சொல்ல வேண்டும்.

தைவான் என்று சொன்னீர்கள். ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஒரு பெண். அவளுக்கு உதவியாக, என் வயதில் ஒருத்தி. இரண்டு பேரும் மொட்டை மாடியில் கொடி கட்டி வெள்ளை விரிப்புகளைக் காயப்போடுவார்கள். ஒரு இடத்தில் பெரியவள் விரிப்புக்குப் பின்னால் போய்விடுவாள். அவள் முகம் தெரியாது. நிழல் மட்டும் துணியில் விழும். இந்தப் பக்கம் அந்தப் பெண் க்ளிப்பை வாயில் கடித்துக்கொண்டு துணியைப் பிடித்து நிற்பாள்.

அந்த இடத்தில் நீங்கள் அடுக்குவதை நிறுத்தினீர்கள். போனைப் பார்த்துக்கொண்டே, விரிப்புக்குப் பின்னால் இருந்தவளின் வசனத்தைச் சொன்னீர்கள்:

"அடிவயிறு வலி பொறுக்க முடியல. மூணு மாசமா ரத்தம் நிக்காமப் போகுது. சொன்னா, கொழந்த இல்லாததுக்கு இதுதான் காரணமான்னு கேப்பாங்க. அதான் சொல்லல."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பாவம், பக்கத்தில் இருக்கிற அந்தப் பெண்ணிடமாவது சொல்லியிருக்கலாம் என்றேன். நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள்.

"அது சின்னப் புள்ள சாமி. பயந்துக்கும்."

படம் ஓடியது. நான் மிச்சக் கதையைப் பார்த்தேன். நீங்கள் அட்டையைக் கட்டி முடித்துவிட்டு முகம் கழுவப் போனீர்கள்.

ஐப்பசியில் ஒருநாள் ஷெட்டில் தீவன வாளியோடு விழுந்தீர்கள். அண்ணன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் போனார். கருப்பையில் கட்டி, எல்லா இடத்திலும் பரவிவிட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக அண்ணன் வந்து சொன்னார். தை மாதம் உங்களைக் கொண்டுவந்தார்கள். காரியம் முடிந்த மறுநாள் அம்மா என்னை முட்டை ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "நீதான அவகூடவே இருந்த. உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். பொய் என்று தெரியாமல் ஆட்டினேன்.

ஆனியில் அண்ணன் உங்கள் போனை எடுத்து என் கையில் கொடுத்தார். அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. உங்கள் பையில் பிரிக்காத ஹெட்செட் ஒன்று இருந்தது. அதைக் காதில் மாட்டிக்கொண்டு, படங்களை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தேன். முதல் நாள் அழுகையை அடக்க முடியவில்லை. அந்தப் பெண்களுக்கு வேறு குரல் இருந்தது. ஜப்பான் மாமியார் குரல் கீச்சென்று இருந்தது.

கீழே வரும் வரிகளையும் படிக்க ஆரம்பித்தேன். என்னுடைய பழைய அகராதி பரணில் இருந்தது. ஒரு வரிக்கு ஒருமுறை நிறுத்தி, வாய்க்குள் கூட்டி வாசித்து, பொருள் பார்த்து அடுத்த வரிக்குப் போவேன். ஒரு படம் முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நீங்கள் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருந்தீர்கள். அந்த மாமியார் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, மழை வருமா என்று கேட்டாள். அந்த மாதிரி சிரிப்புக்காக மாற்றியது ஒன்றிரண்டுதான்.

தைவான் படத்தைக் கடைசியில் வைத்திருந்தேன். போன வாரம் போட்டேன். மாடி வந்தது. அவள் விரிப்புக்குப் பின்னால் போனாள். நான் வரிக்காகக் காத்திருந்தேன். வரி வரவில்லை. காதில் துணி படபடவென்று அடிக்கிற சத்தம். தூரத்தில் ஒரு வண்டி ஹாரன். அவ்வளவுதான். ஹெட்செட் கெட்டுவிட்டதோ என்று பிடுங்கி மாட்டினேன். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தேன். எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியவில்லை. அந்த இடத்தில் அவள் எதுவும் பேசுவதில்லை அண்ணி. படம் முழுக்க அவளுக்கு வலி என்று ஒன்றுமே இல்லை.

அன்று நான் கீழே பார்த்திருந்தால் எழுத்து வரவில்லை என்று தெரிந்திருக்கும். படிக்கத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. பார்த்திருந்தால் போதும். ஆனால் இங்கிலீஷ் எழுத்து இருக்கிற பக்கம் நான் கண்ணையே கொண்டுபோக மாட்டேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அப்படி. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் சொன்னீர்களா? இல்லை, நான் கண்டுபிடித்துக் கேட்க வேண்டும் என்று சொன்னீர்களா? இரண்டில் எது என்று யாரிடம் கேட்பேன்?

இன்று அந்த அட்டை கிடைத்ததும், அம்மா எழுந்து வரும் வரை காத்திருந்தேன். அட்டையில் போனை நிறுத்தினேன். அம்மாவை உட்காரச் சொன்னேன். இது என்ன சினிமாவா என்று கேட்டார். அண்ணி பார்த்தது என்றேன். அம்மா கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எழுந்து நின்று வாசிக்க முடியாத நான். "சுருக்காச் சொல்லு புள்ள, அதுக்குள்ள அவ படியேறிட்டா" என்று அம்மா அவசரப்பட்டார்.

விரிப்பு வந்தது. நான் போனை நிறுத்தினேன். நீங்கள் சொன்னதை, நீங்கள் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னேன்.

அம்மா குனிந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"இது படத்துல இருக்குதா?"

"இல்லீங்ம்மா."

அம்மாவின் கை பக்கத்திலிருந்த அட்டையைத் தடவிக்கொண்டிருந்தது. ஒரு முட்டையை எடுத்தார், துடைத்தார், வைத்தார். அதையே மறுபடி எடுத்துத் துடைத்தார். "இதுதான் காரணமான்னு நானு அப்படித்தான் கேட்டிருப்பேன்" என்றார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதை எடுக்காமலே கேட்டார்:

"அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?"

அந்தப் பெண் படத்தில் ஒன்றும் சொல்வதில்லை. உங்களுக்கே தெரியும். வாயில் க்ளிப் இருக்கிறது. துணி காற்றில் அடித்துக்கொண்டு போகாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாளைக்கும் மத்தியானம் நான் அந்த இடத்தைப் போடுவேன். நாளை மறுநாளும் போடுவேன். ஒவ்வொரு தடவையும் நிழல் துணியில் விழும்போது நிறுத்தி, அவள் வாயிலிருக்கும் க்ளிப்பை நான் எடுத்துவிடுகிறேன். நீங்கள் எனக்கு இத்தனை பேருடைய வசனத்தைச் சொன்னீர்கள். இந்த ஒருத்தியுடையதை நான் சொல்கிறேன்.

"பயந்துக்க மாட்டேன். சொல்லுங்க அண்ணி."