அத்தையும் நானும் சாப்பிட்ட தைராய்டு மாத்திரை

அன்புள்ள அத்தை,

உங்கள் பேத்தி பிறந்துவிட்டாள். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். எதையும் அடக்கிவைத்துச் சொல்ல எனக்கு வராது என்று உங்களுக்குத்தான் தெரியுமே. உங்கள் மகன் முரளியின் மூக்கு அப்படியே வந்திருக்கிறது. குரல் யாருடையதென்று தெரியவில்லை. கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் வரிசையாய் ஒட்டிக் கட்டிய நம் லைன் வீட்டுச் சுவர் மெல்லியது அல்லவா, இவள் அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கிறது. இதுவரை யாரும் முகம் சுளிக்கவில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் நான் எப்படி இருந்தேன், நினைவிருக்கிறதா? தினமும் வேலைக்குப் போய்வரும் பெங்களூர் ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் தூங்குவேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் தூங்குவேன். வெயில் காலத்தில் போர்வை தேடுவேன். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. "இன்னாம்மா, எப்பப் பாரு படுத்துக்கினே கீறே" என்று நீங்கள் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. பதில் எனக்கே தெரியவில்லை, அதனால் வந்த கோபம்.

முதல் கரு மூன்றாம் மாதம் தங்காமல் போனது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் ரயில் அலைச்சல்தான் காரணம் என்றார்கள். நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. வெந்நீர் போட்டுக் கொடுத்தீர்கள், என் துணிகளைத் துவைத்துப் போட்டீர்கள், பேசவில்லை. மனசுக்குள் திட்டுகிறீர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

மறுபடி உண்டானபோது கோலாரில் பார்த்த டாக்டரம்மா, முதல் நாளே ரத்தம் எடுக்கச் சொன்னார். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி மந்தமாக வேலை செய்கிறது, தினமும் மாத்திரை போட வேண்டும் என்றார். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குக் காப்பிகூடக் கூடாது. இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் இதோடு சேரவே கூடாது, மதியத்துக்கு மேல்தான்.

வீட்டில் பெரிய சண்டை வந்தது. "வயித்துல கொழந்தைய வெச்சிக்கினு எவளாவது தெனம் மாத்திர போடுவாளா? போன தபா பட்டது பத்தாதா?" என்றீர்கள். அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது, நான் வேண்டாம் என்றது உங்களுக்கு இன்னும் எரிச்சல். முரளி உங்கள் பக்கமும் பேசாமல் என் பக்கமும் பேசாமல் ஃபேக்டரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார். நான்தான் சொன்னேன்: "எங்கிட்ட கேக்காதீங்க அத்தை. அடுத்த தபா நீங்களும் வாங்க. அவங்களயே கேளுங்க."

நீங்கள் வருவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நல்ல சேலை கட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் வாசலில் நின்றீர்கள்.

டாக்டரம்மாவின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து நேராகவே கேட்டீர்கள். "இத்தப் போட்டா கொழந்தைக்கு ஒன்னும் ஆவாதாம்மா?"

அவர் கன்னடம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். "போடலன்னாதான் பயம் அஜ்ஜி. இவங்க உடம்பு தானா சுரக்க வேண்டியதத்தான் மாத்திரையா குடுக்கறோம். ஆரம்ப மாசங்கள்ல கொழந்தைக்கு அது அம்மாகிட்டருந்துதான் போகணும். அம்மாவுக்கே பத்தலன்னா அது எங்க போகும்?"

நீங்கள் அடுத்துக் கேட்டீர்கள்: "இது இருந்தா தூக்கம் வருமா? குளுருமா?" வரும் என்றார். "கரு தங்காதா?" சிலருக்குத் தங்காமல் போகலாம் என்றார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் சொன்னீர்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "முரளிக்கு முன்னாடி எனக்கு ரெண்டு போச்சு. உடம்பு வணங்காதவன்னு பேரு வெச்சாங்க. ஷிஃப்ட் முடிஞ்சி வர்ற ஆம்பளைக்குக் களி கிண்டக்கூட எழுந்துக்க மாட்டான்னு எங்க மாமியார் லைன் பூரா சொல்லிக்கினு திரிஞ்சாங்க. எனக்கு எழுந்துக்க முடியலம்மா. அதான் நெசம்."

அன்றைக்குத்தான் உங்கள் மௌனம் எனக்குப் புரிந்தது. முதல் கரு போனபோது நீங்கள் என்னைத் திட்டாமல் இருந்தது எதற்காக என்றும் புரிந்தது.

உங்கள் ரத்தத்தையும் பார்க்கலாம் என்றேன். "இந்த வயசுலயா?" என்று சிரித்தீர்கள், ஆனால் கையை நீட்டினீர்கள். உங்கள் அளவு என்னுடையதைவிட மோசமாக இருந்தது. எத்தனை வருஷமாக இருந்ததென்று சொல்ல முடியாது, அந்தக் குழந்தைகள் போனதற்கு இதுதான் காரணம் என்றும் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. நீங்கள் அதையெல்லாம் காதிலேயே வாங்கவில்லை. "அப்ப நான் சோம்பேறி இல்ல" என்றீர்கள். வீட்டுக்கு வந்து லைனில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, "எனக்குத் தைராய்டாம்" என்று பரிசு விழுந்தது மாதிரி சொல்லிவிட்டு வந்தீர்கள். அன்றைக்கு உங்கள் நடையைப் பார்க்க வேண்டுமே.

அப்புறம் காலையில் நாம் இரண்டு பேரும் ஒன்றாக மாத்திரை விழுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "ஆச்சா?" "இல்ல அத்தை." "இந்த கடியாரம் ஓடுதா நின்னுப்போச்சா?" காப்பி இல்லாத அந்த நேரத்தில்தான் நீங்கள் எனக்கு உங்கள் கதை முழுக்கச் சொன்னீர்கள். எப்போதும் உப்பியிருந்த உங்கள் முகம் கொஞ்ச நாளில் வடிந்தது. மாரிகுப்பம் வரைக்கும் நடந்தே போய்வந்தேன் என்று ஒரு நாள் பெருமையடித்தீர்கள்.

எனக்கு ஆறாம் மாதம். காய் நறுக்கிக்கொண்டிருந்த நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை அத்தை. மறுநாள் காலை, வீடு நிறைய ஆட்கள், நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகள் சுமதி அழுத முகத்தோடு ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து நீட்டினாள். "போடு அண்ணி. அம்மா இருந்தா மொதல்ல இத்ததான் கேட்டிருப்பாங்க." போட்டேன்.

ஆனால் அந்தத் துக்க நாட்களில் வந்திருந்த உறவுக்காரர்கள் பிரியத்தோடு எல்லா மாத்திரையையும் ஒன்றாகச் சேர்த்துக் காலையிலேயே பாலோடு கொடுத்துவிட்டார்கள். எது எதோடு சேரக் கூடாது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கும் அப்போது எதையும் கவனிக்கிற நிலை இல்லை. அடுத்த முறை ரத்தம் பார்த்தபோது, மாத்திரை உடம்பில் சரியாகச் சேராவிட்டால் ஏறும் அந்த டி.எஸ்.எச். அளவு ஏறியிருந்தது. டாக்டரம்மா பயப்பட வேண்டாம் என்றார், நேரத்தைப் பழையபடி பிரித்தார், மாத்திரையின் அளவையும் கூட்டினார். முரளி ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு அடுத்த பரிசோதனைக்கு என்னோடு வந்தார். ரிசல்ட்டைக் கையில் வாங்கியதும் என்னைவிட அவருக்குத்தான் கண் கலங்கியது. அளவு சரியாக இருந்தது. அதற்குப் பிறகு கடைசிவரை சரியாகவே இருந்தது.

குழந்தை ஒரு மத்தியானம் பிறந்தாள். வெளியே வந்த உடனே கத்தினாள். நர்ஸ் அவளை என் மார்பில் வைத்தபோது அந்தச் சூடு என் உடம்பு முழுக்கப் பரவியது. பிறகு அவள் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கும் தைராய்டு இருக்கிறதா என்று பார்க்க. அந்த முடிவு வரும்வரை நானும் முரளியும் சரியாகச் சாப்பிடவில்லை. வந்தது. ஒன்றும் இல்லை அத்தை. குழந்தை நன்றாக இருக்கிறாள். சுமதி போனில் கேட்டுவிட்டு, "ஜெயிச்சுட்ட அண்ணி" என்றாள். நாம் ஜெயித்தோம் என்றேன்.

இப்போது என் மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டார்கள். பால் கொடுக்கத் தடையில்லை. சுமதிக்கும் ரத்தம் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நம் வீட்டில் இனி எந்தப் பெண்ணாவது முடியவில்லை என்று சொன்னால், முதலில் அவளை நம்புவோம். அப்புறம் டாக்டரிடம் கூட்டிப் போவோம். உடம்பு வணங்காதவள் என்று அவளுக்கு யாரும் பேர் வைக்க நான் விடமாட்டேன். உங்கள் பேத்திக்கு விவரம் தெரிந்ததும் அவள் ஆயா எப்பேர்ப்பட்ட உழைப்பாளி என்று சொல்லித்தான் வளர்ப்பேன்.

உங்கள் மருமகள்,
உங்கள் பேத்தியைப் பெற்றவள்,
கலைவாணி