நாலாம் எண் சட்டி

ஆவணி 3, செவ்வாய்

வெயில். மலை மேல் மட்டும் மேகம். இன்று பால்கோவா ஷெட்டில் இருந்தவர்கள்: என் மகன் ராமர், அவன் பெண்டாட்டி சுமதி, என் மகள் வசந்தா, பால் கிண்டுகிற பேச்சியம்மாள், ராஜபாளையத்திலிருந்து எண் வெட்ட வந்த அந்தோணி, நான். ஆறு பேர். வேறு யாராவது நாளைக்கு வந்து "நானும் இருந்தேன்" என்று சொன்னால் அது பொய்.

விஷயம் இது. நம் சரக்கை வாங்குகிற பெரிய கடைக்காரர்கள் ஆள் அனுப்பிச் சோதனை போட்டார்கள். சட்டியில் பெயிண்டால் எண் எழுதக் கூடாது. ஸ்டிக்கரும் கூடாது. உரிந்து பாலில் விழும். உலோகத்திலேயே வெட்ட வேண்டும், அழியக் கூடாது, பால் படாத வெளி விளிம்பில் இருக்க வேண்டும். சட்டி, துடுப்பு, தட்டு, பால் கேன், எல்லாவற்றுக்கும்.

கூடவே ஒரு புகார். ஒரு பெட்டியில் கம்பி நார் இழை. சின்னப் பிள்ளை நாக்கில் குத்திவிட்டது. பெட்டிச் சீட்டில் சட்டி எண் 4. அந்தச் சட்டியில் கிண்டிய ஆளை வேலையை விட்டு எடுத்தால்தான் இனிமேல் சரக்கு எடுப்பார்களாம்.

எது 4? நான்கு சட்டியும் ஒரே கடை, ஒரே அளவு. போன வாரம் அடி மாற்ற வெல்டிங்குக்குப் போனதில் பெயிண்ட் எண் எல்லாம் கருகிவிட்டது. இரண்டு பேச்சி சட்டி, இரண்டு வசந்தா சட்டி. நெளிந்த காதைப் பார்த்தால் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். எந்த எண் என்றுதான் தெரியாது. சீட்டு எழுதியது நான் ஒருத்தி. படித்தது மூன்றாம் வகுப்பு. எண் எழுத வரும்.

ராமர் சொன்னான்: "எம்மா, ஒனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே. நீ கையக் காட்டு, அவரு வெட்டட்டும்."

இருக்கிறது. பேச்சி 1, 2. வசந்தா 3, 4. கம்பி நார் போட்டுச் சட்டியைத் தேய்த்ததும் வசந்தாதான். தேங்காய் நாரைத் தவிர வேறு தொடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

பேச்சி சட்டிகளைக் காட்டினேன். மூன்று, நாலு என்றேன்.

"அக்கா, என் சட்டி ஒண்ணும் ரெண்டும்லா" என்றாள் பேச்சி.

"ஒனக்கு எழுத்து தெரியுமாட்டி?"

சட்டியை விட்டு விலகி நின்றாள்.

அந்தோணி பாத்திரக் கடையில் கல்யாணப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவன். "பேரு என்ன போடணும் ஆச்சி?" என்றான். பேர் இல்லை, எண் மட்டும் என்றேன். "வெறும் எண்ணா? ஜெயில்லதான் அப்படிப் போடுவாவ." பழக்க தோஷத்தில் ஊசியை உள் விளிம்பில் வைத்துவிட்டான். ராமர் பாய்ந்து கையைப் பிடித்தான். உள்ளே வெட்டினால் பள்ளத்தில் பால் தங்கிக் கெட்டுப்போகுமாம். பிறகு வெளியே. டக்டக்டக் என்று புள்ளி புள்ளியாக. விரலால் தடவிப் பார்த்தேன். நல்ல ஆழம். 4.

வசந்தா தலை நிமிரவே இல்லை.

ஆவணி 4, புதன்

பேச்சியை நிறுத்தியாயிற்று. காலை எட்டு மணி. ராமருக்குச் சொல்ல வாய் வரவில்லை, சுமதி சொன்னாள். பேச்சி அழவில்லை. துடுப்பைக் கழுவிச் சாய்த்து வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இருவத்தாறு வருசம் அக்கா. எங்க வீட்டுல அவுக படுக்கையில கெடக்காக. ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். சட்டி அடியில் பிடித்த சுரண்டலை ஒரு இலையில் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வன்னியம்பட்டி பஸ் ஏறினாள்.

ஏன் என்று எனக்கு நானே எழுதி வைக்கிறேன். பதினாறு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. வசந்தா தேவதானத்தில் புருஷன் வீட்டை விட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினாள். பச்சைச் சேலை, வலது செருப்பு வார் அறுந்து. அந்த நேரம் நான் பாலில் தண்ணீர் என்று பால்காரனோடு சண்டை. பேச்சி அவனிடம் சொன்னாள்: "பாலத் திருப்பி அனுப்புதது புதுசா? இந்த வீட்டுச் சரக்கே திரும்பி வந்து நிக்கி பாருங்க." பால்காரன் சிரித்தான். வசந்தா காதில் விழுந்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

பால்காரன் செத்துப்போனான். பேச்சி மறந்துபோனாள். எனக்கு அந்தச் சிரிப்பில் எத்தனை பல் தெரிந்தது என்றுகூட ஞாபகம்.

மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஆவணி 6, வெள்ளி

அந்தோணி மறுபடி. இன்று வெட்டியவை: துடுப்பு 4. தட்டு 30. கேன் 11. வடிகட்டி 3. சுமதி ஒவ்வொன்றையும் போனில் படம் பிடிக்கிறாள், கல்யாண ஆல்பம் மாதிரி. என் பழைய பித்தளைக் கரண்டிக்கும் எண் வேண்டும் என்றேன். பித்தளை ஷெட்டுக்குள்ளேயே கூடாதாம் அத்தை, என்றாள். கரண்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்தது.

பேச்சி இடத்தில் யாரும் இல்லை. வசந்தாதான் நாலு சட்டியும். பேச்சி சட்டியைத் தொடும்போது சேலை முந்தியைச் சுற்றிக்கொண்டு தொடுகிறாள். சூடா என்று கேட்டேன். என்னோடு பேசி மூன்று நாள். உனக்காகத்தானடி என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும் அவளுக்கு.

ஆவணி 9, திங்கள்

காற்று. தூசி. வாசல் தெளித்தது வீண்.

பேச்சி கேட் பக்கம் வந்து நின்றாள். உள்ளே விட வேண்டாம் என்றேன், விட்டுவிட்டார்கள். ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்குப் போனாளாம். கண்ணு தெரியல, இழை அத்துப் போவுது, வேண்டாம் பாட்டி என்று அனுப்பிவிட்டார்களாம். அறுபது வயசுக்காரியை யார் எடுப்பார்.

"அக்கா, செத்த நேரம் யோசிச்சுப் பாருங்க. அந்தப் பெட்டி போட்ட அன்னிக்கு நான் கிண்டுனது ரெண்டுல. மழத் தூத்தல் விழுந்துது, நீங்க சீட்டக் கொண்டுபோயி உள்ள வச்சு எழுதுனீக."

உண்மை. தூறல் விழுந்தது. அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

"இரும்புல வெட்டியாச்சு. இனிமே நானே நெனச்சாலும் அழியாது. போ."

போனாள். கையில் டிபன் தூக்கு, காலி. வேலைக்கு வருகிற மாதிரியே கொண்டு வந்திருக்கிறாள், கூப்பிட்டால் உட்கார்ந்துவிடலாம் என்று. அதைப் பார்த்து வசந்தா உள்ளே போய்விட்டாள்.

ஆவணி 10, செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் நடந்தது நடந்தபடி.

காலை அடுப்பு மூட்டும் முன் வசந்தா ராமர் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, நாலு என் சட்டி. கம்பி நாரு போட்டது நான்தான். பேச்சியக்காவக் கூப்பிடு."

ராமர் என்னைப் பார்த்தான். சுமதியும். திட்டியிருந்தால்கூட நின்று பதில் சொல்லியிருப்பேன். இவர்கள் வெறுமனே பார்க்கிறார்கள்.

ஆமாம், தெரிந்துதான் சொன்னேன், பதினாறு வருடம் வைத்திருந்து சொன்னேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் வசந்தா சொன்னாள்:

"அம்மாவ ஏசாதீங்க. அவியளுக்கு இப்பல்லாம் தடுமாறுது. மறந்துபோயிருக்கும்."

ராமர் முகம் இளகிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தான். "எம்மா, இம்புட்டு நாளாச் சொல்லலியே" என்றான். என் புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில்கூட இப்படிப் பிடித்ததில்லை.

வசந்தா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆவணி 12, வியாழன்

ராஜபாளையம். டாக்டர். ராமரும் கூட. வெளியே ஒரு மணி நேரம். ஃபேன் சத்தம், ஒருத்தி இருமல்.

டாக்டர் சின்னப் பையன் போல இருந்தார். "பாட்டி, இன்னிக்கு என்ன கிழமை?"

யோசித்தேன். கிழமையை அல்ல. சரியாகச் சொன்னால் ஞாபகம் சரி. ஞாபகம் சரி என்றால் அன்றைக்குச் சொன்னது பொய். ராமர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"செவ்வாய்" என்றேன்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று மனசுக்குள் ஓடிவிட்டது. வாயால் தொண்ணூறு என்றேன். மூன்று சாமான் பேர் சொல்லி, செத்த நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பூட்டு, மாம்பழம், சைக்கிள். ஒன்றும் தெரியவில்லை என்றேன். சாகிறவரை மறக்காது, பூட்டு, மாம்பழம், சைக்கிள்.

மாத்திரை. காலை ஒன்று, ராத்திரி ஒன்று. பஸ்ஸில் ராமர் எனக்கு ஜன்னல் சீட் கொடுத்தான்.

ஆவணி 14, சனி

அந்தோணி மூன்றாம் தடவை. எண்ணை அழிக்க. "அழியாதபடி வெட்டுன்னீக, இப்ப அழின்னா எப்படி அண்ணாச்சி? தேச்சா அந்த எடம் மெலிஞ்சுரும்" என்று முணுமுணுத்தான். தேய்த்தான். சரியான எண் வெட்டினான். எந்தச் சட்டிக்கு எது என்று வசந்தா காட்டினாள். என்னை யாரும் கேட்கவில்லை.

சீட்டு இனிமேல் சுமதி எழுதுவாள்.

வசந்தா கிண்டக் கூடாது, கடைக்காரர்கள் பேச்சு அப்படி. பேண்டேஜ் தறிக்குப் பேசிவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து காலை ஏழு மணி பஸ். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும், எடுத்துக்கொண்டார்கள்.

பேச்சி வந்துவிட்டாள். வந்ததும் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். காது கேளாதவளிடம் பேசுகிற மாதிரி சத்தமாக, "அக்கா, நான் யாருன்னு தெரியுதா? பேச்சி. பேச்சி" என்றாள். கன்னத்தைத் தடவினாள். அதில் பொய் இல்லை. தடவ விட்டேன். தலையை ஆட்டினேன்.

மாத்திரையை வாயில் ஒதுக்கிச் சாக்கடையில் துப்பினேன்.

பேச்சி சொன்ன சொல் அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் பத்து நாள் அலைந்துவிட்டாள், போகட்டும். ராமர் நல்லதென்று நினைத்துச் செய்கிறான். சுமதி வெளியிலிருந்து வந்தவள். பொய்க்காரி என்று என்னை எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தால் நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கிறுக்கச்சி என்று சொல்லிக் காப்பாற்றினாளே, அதை மன்னிக்க மாட்டேன். நான் பெற்றவள், வசந்தா.