பென்சிலில் எழுதிய பெயர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் நலம் விசாரிக்க இத்தனை வருடமாக முகவரி தெரியாமல் இருந்தது. இப்போது எப்படிக் கிடைத்தது என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது.

எல்லாம் நம் ஊர் வம்சாவளிச் சங்கத்தின் புண்ணியம். முன்பு ஒருநாள் முடிவெட்டும் கடையில் காத்திருந்த தபால்காரரும் கட்டட வரைபடம் வரைபவரும், பேச்சுவாக்கில் தாங்கள் ஒரே கொள்ளுத்தாத்தாவின் வாரிசுகள் என்று கண்டுபிடித்தார்களாம். இத்தனை நாள் சொந்தக்காரனோடா சண்டை போட்டோம் என்று நொந்துகொண்டு ஆரம்பித்ததுதான் இந்தச் சங்கம். இப்போது அச்சகத்துக்கு மேல் மாடியில் இருக்கிறது. பழைய புகைப்படங்களில் யார் யார் என்று கண்டுபிடிப்பார்கள். படுக்கையில் இருக்கும் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதுவார்கள். ஒரு டீ கொடுத்தால் போதும்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குடும்ப மரத்தில் உயிரோடு இருப்பவர் பெயர் பென்சிலில், இறந்தவர் பெயர் மையில். வருடக் கூட்டத்தில் பென்சில் பெயர்களை வாசிப்பார்கள். வீட்டார் யாராவது "இருக்காங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். நம் வீட்டுக்காகப் பெரியப்பா மகன்தான் போய்க்கொண்டிருந்தான். உன் பெயர் வந்தபோதெல்லாம் அவன் வாயே திறக்கவில்லை. சில வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு வரைபவர் உன் பெயருக்கு மை போட்டுவிட்டார்.

இந்த வருடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். "இனிமே எனக்கு மகனே இல்ல" என்று வாசலில் நின்று கத்தினாரே, அதே அப்பாதான். சுவரில் நம் மரத்தைப் பார்த்தபடி நின்றவர், மேசையில் கிடந்த ரப்பரை எடுத்து உன் பெயரைத் தேய்க்க ஆரம்பித்தார். மை போகுமா? காகிதம்தான் கிழிந்தது. "எம்புள்ள இருக்கான், யாரு மை போட்டது" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே அச்சகமே நின்றுவிட்டது. நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

வரைபவர் மன்னிப்புக் கேட்டதோடு விடவில்லை. மரம் முழுவதையும் புதிதாக வரைந்து, உன் பெயரைப் பென்சிலில் எழுதினார். தபால்காரர் வெளியூர்ச் சங்கங்களுக்கெல்லாம் உன் பெயரைச் சொல்லி, லிஃப்ட் மெக்கானிக், இடது காது மடங்கியிருக்கும், வாய்த்துடுக்கு அதிகம் என்று அடையாளம் எழுதினார். ஒரு சங்கத்திலிருந்து பதில் வந்தது. அவர்கள் கட்டட லிஃப்டைப் பழுதுபார்க்க வந்த நீ, சுவரில் இருந்த மரங்களைப் பார்த்துவிட்டு, "என் பேரு எந்தச் சுவத்துலயும் இருக்காது சார்" என்று சிரித்தாயாமே. உன் முதலாளியிடம் கேட்டு முகவரியும் அனுப்பிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் நமக்காக இவ்வளவு அலைந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை கூப்பத்தான் தோன்றுகிறது.

உன் பெயர் சுவரில் இருக்கிறதடா. அதற்குக் கீழே வரைபவர் ஒரு சாண் இடமும் விட்டிருக்கிறார். கல்யாணம், பிள்ளைகள் என்று ஏதாவது இருந்தால் உடனே எழுது. அக்காவிடம் சொல்லாமல் செய்ததற்கு நேரில் வரும்போது காதைத் திருகுகிறேன், மடங்காத காதை.

அடுத்த கூட்டத்தில் உன் பெயருக்குத் தானே பதில் சொல்லப்போவதாக அப்பா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். உனக்கு எழுதச் சொல்லி மட்டும் என்னிடம் கேட்கவில்லை. அவர் ரோஷம் உனக்குத் தெரியாதா.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். எப்போது வருகிறாய் என்று நச்சரிக்க மாட்டேன். அப்பாவின் பெயரும் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது, தம்பி.

உன்னை எண்ணியபடியே இருக்கும்,
அக்கா