திருக்கை கேட்ட கேள்விக்கு என் பதில்

என் அருமை மச்சாள் சுகந்திக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். கேட்டால் நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். "நான் இருக்கிறன், நீ முதல் எரர் என்னெண்டு போடு." ஆசுபத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் அதைத்தானே சொன்னாய்?

இதை நம் குழுமத்திலும் போடப் போகிறேன். நம்மைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நெல்லியடி எஸ்தர், நீ மயிலிட்டிச் சுகந்தி. பிஎச்பி ஃபிரேம்வேர்க்கில் இணையத்தளம் செய்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டு உதவிக்கொள்ளட்டும் என்று போனில் நாங்கள் தொடங்கிய குழுமம் இது. நான் தேவாலயத்துக்குப் போகிறவள், நீ கடல்தொழில் செய்கிற வீட்டில் பிறந்து அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறவள். சொந்தம் என்று ஒரு துளிகூடக் கிடையாது. முதல் வேலையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்த நாளிலிருந்து மச்சாள் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். உன் செத்தவீட்டில் யாரோ ஒருவர், "உந்தப் பிள்ளை ஆர்?" என்று என்னைக் காட்டிக் கேட்டபோது உன் அம்மா அழுகையை நிறுத்தாமலே, "சுகந்தியின்ரை மச்சாள்" என்றார்.

குழுமம் நன்றாக நடக்கிறது. கொழும்புத்துறை நிரோஷன் இப்போதும் எரரை எழுத்தாக ஒட்டாமல் திரையைப் போனில் படம் பிடித்துத்தான் போடுகிறான், அதுவும் சரிவாக. ஃபிரேம்வேர்க்கின் புதிய பதிப்பு வந்து, நாம் பாடமாக்கி வைத்திருந்த பாதியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நீ இருந்திருந்தால் ஒரு கிழமைக்குத் திட்டியிருப்பாய். நீ போட்ட சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. கேள்வி கேட்டவர், பிழை தீர்ந்ததும் "சரிவந்திட்டுது" என்று எழுதி, எது பிழையாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும். எழுதாமல் போனவர்களை நீ விட்டதே இல்லை.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நாலாம் நாள் மயிலிட்டிக்குப் போனேன். உன் ஐயா உன்னுடைய மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"பிள்ளை, உந்த வள்ளப் பக்கம் நேரத்தைப் பிழையாக் காட்டுது. சுகந்தி சரிசெய்யிறன் சரிசெய்யிறன் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவள். சனம் பயப்பிடுது."

வள்ளப் பக்கம் உனக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று எனக்குத் தெரியும். எந்த வள்ளம் எத்தனை மணிக்குத் தொழிலுக்கு இறங்கியது, எப்போது கரைக்கு வந்தது என்று வீட்டில் இருக்கிற பெண்கள் போனில் பார்ப்பதற்காக நீ செய்த இணையப் பக்கம். புதிய சேவர்க் கணினிக்கு மாற்றிய பிறகு அதில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்குப் போய்விட்டது. பின்னேரம் நாலு மணிக்குப் போன வள்ளம் காலை பத்தரைக்கே போனதாகக் காட்டியது. போய் இவ்வளவு நேரமாகியும் வரவில்லையே என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கடற்கரைக்கே கத்திக்கொண்டு ஓடிப்போனாராம். நீ படுத்திருந்த அறைக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்குமா?

மடிக்கணினியைத் திறந்தேன். குழுமம் திறந்தபடியே இருந்தது. ஆனால் மேலே உன் பெயர் இல்லை. திருக்கை மீன் படம் ஒன்று, பக்கத்தில் "திருக்கை" என்ற பெயர்.

சுகந்தி, அந்தப் பெயரைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஏனென்றால் திருக்கையை எனக்குத் தெரியும். புனைபெயரில் யாரும் வரலாம் என்று விட்டிருந்தோமே, அப்படி வந்த யாரோ புதிய பிள்ளை என்று நினைத்திருந்தேன். உன்னுடைய கடைசி மாதத்தில் ஒருநாள் மத்தியானம் திருக்கை கேட்டது: "நேரத்தைக் கொழும்பு நேரம் எண்டு மாத்திப்போட்டன். இன்னும் ஐஞ்சரை மணித்தியாலம் பின்னுக்குத்தான் நிக்குது. என்ன செய்யலாம்?"

நான் அன்றைக்கு ஒரு வேலையை முடித்துக் கொடுக்கிற அவதியில் இருந்தேன். எரிச்சலில் எழுதினேன்: "உது முந்தியே இங்கை கேட்டாச்சு. தேடிப் பாருங்கோ." அதற்கு ஐந்தாறு பேர் பெருவிரல் உயர்த்தினார்கள். திருக்கை, "சரி, நன்றி" என்றது. அதற்குப் பிறகு அது வாயே திறக்கவில்லை.

முந்தி அதைக் கேட்டது யார் தெரியுமா? நான்தான். எங்கள் தேவாலய இணையப் பக்கத்தில் ஞாயிறு ஆராதனை எட்டரை மணி என்று போட, அது விடிய மூன்று மணி என்று காட்டியது. "மூண்டு மணிக்குப் போதகரே வரமாட்டார்" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு பொறுமையாக எழுதினாய்: "கொன்ஃபிக் கேச்சை அழிச்சனியோ? நீ செற்றிங்ஸை மாத்தினது சரி. ஆனா அது வேகமா ஓடுறதுக்காகப் பழைய செற்றிங்ஸைப் படி எடுத்து வைச்சிருக்கு. அந்தப் படியை அழிக்குமட்டும் நீ மாத்தினதை அது பாக்காது." ஒரே ஒரு வரிக் கட்டளை. ஐந்து நிமிடத்தில் எங்கள் ஆராதனை எட்டரைக்கு வந்துவிட்டது.

அதை எனக்குச் சொல்லித் தந்த நீயே மறந்துபோனாய். "மருந்து கொஞ்சம் மறதி தருது, வேறை ஒண்டுமில்லை" என்று சிரித்துக்கொண்டு சொன்னாயே, இவ்வளவு மறதியா? சனிக்கிழமைதோறும் உன் பக்கத்தில் வந்து இருந்தேனே. என்னிடம் வாயால் கேட்டிருக்கலாமே, மச்சாள்?

அதற்கும் பதில் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். செற்றிங்ஸ் கோப்பைத் திறந்தால், நேரம் கொழும்பு என்று சரியாகவே மாற்றியிருந்தாய். அதற்கு மேலே, கணினி வாசிக்காத குறிப்பு வரியில் இரண்டு வசனம்: "எஸ்தரைக் கேக்கலாம். கேட்டால், இதையும் மறந்திட்டன் எண்டு பயந்துபோவாள்."

உன் வீட்டு விறாந்தையில் இருந்து அழுதேன். உன் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தார். நீ எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாய். ஒரு வரிதான் மிச்சம். அந்த ஒரு வரியை எழுத எனக்குப் பத்து விநாடி போதும். "தேடிப் பாருங்கோ" என்று எழுதவும் அதே பத்து விநாடிதான் எடுத்திருக்கும்.

கட்டளையை அடித்தேன். பின்னேரம் ஐயாவின் வள்ளம் இறங்கியது. அம்மா போனைப் பார்த்தார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், திரும்பவும் போனைப் பார்த்தார்.

"நாலேகால் எண்டு காட்டுது பிள்ளை. மணிக்கூடும் நாலேகால்தான்."

"ஓம் அம்மா. இனிப் பிழைக்காது" என்றேன். அவர் உடனே போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டப் போனார்.

திருக்கையின் கேள்விக்குக் கீழே என் பழைய பதிலை அழிக்கவில்லை, அது அப்படியே கிடக்கட்டும். அதற்குக் கீழே நீ எனக்கு அன்று சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் எழுதி, திருக்கை யார் என்பதையும் எழுதினேன். அன்று பெருவிரல் உயர்த்தியவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக வந்து மன்னிப்புக் கேட்டார்கள். நிரோஷன் மட்டும் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டான்.

இனி என் வாயிலிருந்து "முந்தியே கேட்டாச்சு" என்பது வராது. நூறாவது முறை கேட்டாலும், கேட்கிறவர் யார் என்று தெரியாவிட்டாலும், முதல் முறை கேட்கிறவருக்குச் சொல்வதைப் போலச் சொல்வேன். வள்ளப் பக்கத்தையும் நான் பார்த்துக்கொள்வேன். ஐயா கடலுக்குப் போகிற காலம் வரைக்கும், அவருக்குப் பிறகும்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. உன் சட்டப்படி கேள்வி கேட்டவர்தான் கடைசி வரியை எழுத வேண்டும். உன் மடிக்கணினி என் மடியில்தான் இருந்தது, திருக்கையின் பெயரில் நானே எழுதியிருக்கலாம். மனம் வரவில்லை. அதனால் உனக்காக இங்கே, என் பெயரில் எழுதுகிறேன்.

சரிவந்திட்டுது, சுகந்தி. நேரத்தில் பிழையில்லை, நீ மாற்றியதிலும் பிழையில்லை. பிழை என் பதிலில் இருந்தது.

உன் மச்சாள்,
எஸ்தர்
நெல்லியடி