பெனலில் பச்சை விளக்கு

ஜூலை 30, செவ்வாய்
இன்றும் அக்காவின் கணவர் மச்சானோடு ஏணி பிடிக்கப் போனேன். துறைமுகத்துக்குக் கிட்ட ஜமால்தீன் முதலாளியின் தையல் கூடம், மேல்மாடி. நெருப்பு அலாரப் பெனலில் இருந்து புறப்படும் இரண்டு வயர் முகட்டிலுள்ள புகை டிடெக்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகிறது. கடைசியில் ஒரு சின்ன ரெசிஸ்டர். அதுவரை வயர் அறாமல் இருந்தால் பெனலில் பச்சை. புகை வந்தால் பெல் அடிக்கும், கீழே காவலுக்கு நிற்கும் லெஸ்லி அங்கிள் வந்து கிரில் கதவைத் திறப்பார். வேலை நேரத்தில் அது பூட்டு. துணி களவு போகுதாம்.

ஏணி பிடிப்பது பிடிக்கும். யாரோடும் கதைக்கத் தேவையில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்
அசர் தொழுகைக்குப் பிறகு முதலாளி சாம்பிராணிச் சட்டியோடு மெஷின்களைச் சுற்றி வந்தார். பெல்! பெண்கள் எல்லாரும் வீதிக்கு ஓடினார்கள். "வியாழனுக்கு வியாழன் யாவாரத்துல பறக்கத்து பெருகப் போடுற புகை. அதுக்கெல்லாம் வேலை நிக்க ஏலுமா தம்பி?" என்றார் முதலாளி. மச்சான் தலையைச் சொறிந்தார்.

ஆகஸ்ட் 5, திங்கள்
மச்சான் சூட்டுக்கு மட்டும் அடிக்கும் டிடெக்டர்கள் கொண்டுபோனார். வேறு கம்பனி, மலிவு. மாட்டியவுடனே ஒத்துவராமல் பெனல் சிவந்தது. இந்தப் பெனலுக்குச் சேருவது கொழும்பில்தான் எடுக்கலாமாம். முதலாளி காத்திருக்க மாட்டார்.

மச்சான் பழைய புகை டிடெக்டர்களையே பார்வைக்கு மாட்டினார். பிறகு பெனலைத் திறந்து, கூடத்துக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றி, ரெசிஸ்டரை அந்த இடத்திலேயே முறுக்கினார்.

பச்சை.

இனி எது எரிந்தாலும் பச்சைதான். நான் ஏணியை மடித்தேன். வேறென்ன செய்ய?

ஆகஸ்ட் 8
சாம்பிராணி போட்டார்களாம். பெல் அடிக்கவில்லை. முதலாளிக்குச் சந்தோஷமாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு
முதலாளி பட்டன் தைக்க ஒரு பிள்ளை கேட்டாராம். மச்சான் என்னைச் சொல்லிவிட்டார். "ஏணி பிடிக்கிறதவிட அது பொம்புளப் புள்ளைக்கு நல்லம்" என்றா என் கூடப்பிறந்த ராத்தா. உம்மா குவைத்துக்குப் போனதில் இருந்து அவவின் வீட்டில்தான் சோறு. பள்ளிக்கூடம் நின்றதும் இப்படித்தான். யாரோ முடிவெடுப்பார்கள், நான் தலையாட்டுவேன்.

ஆகஸ்ட் 12
முதுகுக்குப் பின்னால் கிரில் பூட்டும் சத்தம். நூல் கோர்க்க ஏலவில்லை. என் கதிரைக்கு நேரே பெனல்.

"என்னகா, அந்த லைட்டையே பாக்காய்? மாப்பிள்ளையா அது?" என்றா பக்கத்து மெஷின் றுக்கியா ராத்தா. எல்லாரும் சிரித்தார்கள். அயன் பெட்டி வயர் கருகும் மணம் எனக்கு மட்டுமா வந்தது?

ஆகஸ்ட் 14
மச்சான் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "நான் உள்ளுக்க இருக்கக்க நெருப்புப் புடிச்சா பெல் அடிக்காதே மச்சான்."

அவர் கை சோற்றில் நின்றது. "நாளைக்குப் போகாத. காய்ச்சல் வருத்தமெண்டு சொல்லுறன்."

"மத்த ஆக்கள்?"

"வாயப் பொத்திட்டு இரி, புள்ள."

கதவு எனக்கு மட்டும் திறக்கிறது. இதுக்கு அந்தப் பூட்டே பரவாயில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்
ராத்தா எழும்ப முதல் வெளிக்கிட்டுப் போனேன். சாம்பிராணிச் சட்டி வந்த நேரம் றுக்கியா ராத்தாவின் காதுக்குள் எல்லாம் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. எழும்பிப் போய் முதலாளியின் கையில் இருந்த சட்டியை வாங்கி, கதிரையில் ஏறி, டிடெக்டருக்கு நேர் கீழே பிடித்தா. முகடெல்லாம் புகை. பெல் இல்லை.

"முதலாளி, நாங்க எரிஞ்சு செத்தா, எங்கட மையத்துக்கும் சேத்தா சாம்பிராணி போடுறீங்க?"

பிறகு ஒருவரும் மெஷினைத் தொடவில்லை. முதலாளி மச்சானுக்குப் போன் எடுத்தார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி
வீட்டில் மச்சான் என்னோடு கதைப்பதில்லை. ராத்தா தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறா.

இன்று மச்சான் பெனலுக்குச் சேரும் சூட்டு டிடெக்டர்களோடு கூடத்துக்கு வந்தார். தனியாக. அவர் ஏற ஏற ஏணி ஆடியது. ஊசியைக் குத்தி வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தேன். கீழே பார்க்காமலே, "இறுக்கிப் புடி" என்றார்.

கூடத்து வயர் திரும்பப் பெனலுக்குப் போனது. ரெசிஸ்டர் கடைசி டிடெக்டருக்குப் போனது. தலைமயிர் காயவைக்கும் மெஷினை டிடெக்டருக்குக் கிட்டப் பிடித்தார். பச்சை போய்ச் சிவப்பு. பெல் அடித்தது. லெஸ்லி அங்கிள் திறப்போடு ஓடி வந்து கிரிலைத் திறந்தார்.

எல்லாரும் காதைப் பொத்தினார்கள். என் இரண்டு கையும் ஏணியில்.